கி.பி. என்று எழுதும் முன்: ஆதித் திருச்சபை நிகழ்வுகளுக்கு ஆண்டு கணிப்பது எப்படி

நிசேயா சங்கம் என்ற ஆயர்களின் பேரவை 325-இல் கூடியது என்று நமக்குத் தெரியும். ஆனால் ஐந்தாம் நூற்றாண்டில் அதைப் பற்றி எழுதிய சாக்ரடீஸ் என்ற திருச்சபை வரலாற்றாசிரியர் 325 என்று எழுதவில்லை. பவுலினுஸ், ஜூலியானுஸ் இருவரும் கன்சல்களாக (ரோமில் ஆண்டுதோறும் பதவியேற்கும் உயர் அதிகாரிகளாக) இருந்த ஆண்டு, அலெக்சாந்தர் ஆட்சியிலிருந்து 636-ஆம் ஆண்டு என்றுதான் குறித்திருக்கிறார். 325 என்பது பின்னால் வந்தவர்கள் போட்ட கணக்கு.

அந்தக் கணக்கை நீங்களே போடுவதற்குத்தான் இந்த வழிகாட்டி. வேதபாட வகுப்புக்கோ கல்லூரிக் கட்டுரைக்கோ காலவரிசை தயாரிக்கும் பலரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டேன். யாருக்கும் கூட்டல் கழித்தல் தகராறு இல்லை. கி.பி. எண்ணை எடுத்த எடுப்பிலேயே எழுதிவிடுகிறார்கள், அதில்தான் எல்லாம் கெடுகிறது. அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

1. கையில் இருக்க வேண்டியவை

ரோமக் கன்சல்களின் பட்டியல் ஒன்று. பேரரசர்கள் பதவியேற்ற நாளும் இறந்த நாளும் உள்ள பட்டியல் இன்னொன்று. ஜூலியன் நாட்காட்டியில் கிழமை காட்டும் கணக்கி ஒன்று. இவை மூன்றும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

கணக்கியை நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கி.பி. 30 ஏப்ரல் 7 என்று கொடுத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை என்று வந்தால் அது ஜூலியன் கணக்கி. ஞாயிறு என்று வந்தால், 1582-இல் பிறந்த கிரிகோரியன் நாட்காட்டியை அது முதல் நூற்றாண்டுவரை பின்னுக்கு இழுத்துக் கணக்கிடுகிறது. அதை ஒதுக்கிவிடுங்கள். பல மென்பொருள்கள் இப்படித்தான் செய்கின்றன, சொல்வதும் இல்லை.

அப்புறம் ஐந்து கட்டங்கள் உள்ள அட்டவணை: மூலத்தின் சொற்கள், ஆண்டுமுறை, ஆண்டு தொடங்கும் நாள், மிக முந்திய நாள், மிகப் பிந்திய நாள். 'ஆண்டு' என்று ஒற்றைக் கட்டம் போடாதீர்கள். கட்டம் இருந்தால் கை அதை நிரப்பத்தான் பார்க்கும். எக்செல்லில் செய்பவர்கள் கட்டங்களை எழுத்து வடிவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 1900-க்கு முந்தைய எதையும் அது தேதியாக ஏற்காது.

2. மூலம் சொல்வதை அப்படியே எழுதுங்கள்

முதல் கட்டத்தில் போவது மூலத்தின் சொற்கள் மட்டும். "டயோக்ளீஷியனின் 19-ஆம் ஆண்டு, தீஸ்ட்ரோஸ் மாதம்" என்றால் அதுவே. அடைப்புக்குள் கி.பி. வேண்டாம்.

காரணம் இருக்கிறது. கி.பி. எண்ணும் முறையை டயோனிசியுஸ் எக்ஸிகுவுஸ் என்ற துறவி 525-இல் பாஸ்கா (ஈஸ்டர்) நாள் அட்டவணைக்காக ஏற்படுத்தினார். எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பீட் என்ற துறவி தன் வரலாற்று நூலில் கையாண்ட பிறகுதான் அது பரவியது. ஆகவே முதல் ஐந்து நூற்றாண்டு ஆவணத்தின் மொழிபெயர்ப்பில் கி.பி. எண் தென்பட்டால் அது பதிப்பாசிரியர் போட்டது. அவர் எந்த அனுமானத்தில் போட்டார் என்று உங்களுக்குத் தெரியாது. மூலச்சொல் கையில் இருந்தால் திரும்பிப் போய்ச் சரிபார்க்கலாம்.

3. எந்த ஆண்டுமுறை, எந்த மாதத்தில் தொடக்கம்

ஒரே நூற்றாண்டில் எடெசாவில் ஒரு கணக்கு, அலெக்சாந்திரியாவில் வேறு கணக்கு, ரோமில் இன்னொன்று. எழுதியவர் எந்த ஊர்க்காரர், எந்த மொழியில் எழுதினார் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சிரியாக் மொழி என்றால் பெரும்பாலும் செலூக்கஸ் ஆண்டு. எகிப்து என்றால் டயோக்ளீஷியன் ஆண்டு. லத்தீன் என்றால் கன்சல் பெயர்கள்.

கன்சல் ஆண்டுக்குக் கணக்கே வேண்டாம். ஜனவரி 1-இல் இருவர் பதவியேற்பார்கள், அவர்கள் பெயரே ஆண்டின் பெயர், பட்டியலைப் பார்த்தால் போதும். மற்றவற்றுக்கு மாற்றும் எண்கள் இவை:

- செலூக்கஸ் ஆண்டு ('கிரேக்கர் ஆண்டு', 'அலெக்சாந்தர் ஆண்டு' என்றும் வரும்): அக்டோபர் முதல் டிசம்பர் வரை 312 கழிக்கவும், ஜனவரி முதல் செப்டம்பர் வரை 311 கழிக்கவும்.
- டயோக்ளீஷியன் ஆண்டு (பின்னாளில் 'மறைசாட்சிகள் ஆண்டு'): ஆகஸ்ட் 29 முதல் டிசம்பர் வரை 283 கூட்டவும், ஜனவரி முதல் ஆகஸ்ட் 28 வரை 284 கூட்டவும்.
- பைசாந்திய உலக ஆண்டு: செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 5509 கழிக்கவும், ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை 5508 கழிக்கவும்.
- ஸ்பானிய ஆண்டு: 38 கழிக்கவும்.

ஒரே முறைக்கு ஏன் இரண்டு எண்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். நம் ஆண்டு சித்திரையில் தொடங்குகிறது. குரோதி ஆண்டுத் தை மாதம் என்றால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும் அல்லவா? அதே கதைதான். பட்டியலில் உள்ள முதல் மூன்றிலும் ஆண்டு நடுவில் ஜனவரி வந்து குறுக்கே நிற்கிறது.

தேதியிட்ட சிரியாக் கையெழுத்துப் பிரதிகளில் மிகப் பழையது இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. எடெசாவில் எழுதி முடித்தது, ஆண்டு 723, இரண்டாம் தெஷ்ரின் மாதம். 311-ஐக் கழித்தால் 412 வரும். தவறு. இரண்டாம் தெஷ்ரின் நவம்பர், அதாவது ஆண்டு தொடங்கிய அடுத்த மாதம். எனவே 312 கழித்து 411. மாதத்தைப் பார்க்காமல் ஆண்டை மட்டும் மாற்றுபவர்கள் இங்கே மொத்தமாக விழுவார்கள்.

மாதம் கொடுக்கவே இல்லை என்றால்? இரண்டு ஆண்டுகளையும் எழுதுங்கள். 411/412.

செலூக்கஸ் ஆண்டில் இன்னொரு பள்ளமும் உண்டு. பாபிலோன் பக்கம் அதைக் கி.மு. 312 இலையுதிர்காலத்திலிருந்து எண்ணாமல் 311 வசந்தத்திலிருந்து எண்ணினார்கள். மக்கபேயர் முதல் நூலில் எருசலேம் ஆலயம் மீண்டும் அர்ப்பணிக்கப்பட்டது 148-ஆம் ஆண்டு கிஸ்லேவ் மாதம் 25. மேற்கத்தியக் கணக்கில் அது கி.மு. 165 டிசம்பர், பாபிலோன் கணக்கில் 164 டிசம்பர். 164 என்பதே பெருவழக்கு, ஆனால் இரண்டாவது கட்டத்தில் 'பாபிலோன் கணக்கு' என்று எழுதினால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

'உலகம் படைக்கப்பட்ட ஆண்டு' என்று வந்தால் இன்னும் கவனம். அலெக்சாந்திரியாவில் ஓர் உலக ஆண்டு, பைசாந்தியத்தில் ஒன்று, யூதர்களுக்கு வேறொன்று. கான்ஸ்டான்டிநோபிள் 1453 மே மாதம் விழுந்தபோது பைசாந்திய ஆண்டு 6961. அதே 6961-ஐ அலெக்சாந்திரியக் கணக்கு என்று நினைத்து மாற்றினால் நகரம் பதினாறு ஆண்டு தாமதமாக விழும்.

இன்டிக்‌ஷன் என்றொரு பதினைந்தாண்டுச் சுழற்சியும் ஆவணங்களில் அடிக்கடி வரும். 312 செப்டம்பரிலிருந்து எண்ணுவது. நம் பிரபவ, விபவ மாதிரிதான். "மூன்றாம் இன்டிக்‌ஷன்" என்றால் எந்தச் சுழற்சியின் மூன்று என்று அது சொல்லாது. அதை வைத்து ஆண்டு கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடித்ததைச் சரிபார்க்கலாம். கி.பி. ஆண்டோடு 3 கூட்டி 15-ஆல் வகுங்கள். மீதிதான் இன்டிக்‌ஷன், மீதி இல்லையென்றால் 15. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை என்றால் ஒன்று கூட்டுங்கள்.

4. ஆட்சியாண்டு என்றால் நான்கு கேள்விகள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். லூக்கா 3-ஆம் அதிகாரம் யோவான் ஸ்நானகனின் தொடக்கத்தைத் திபேரியுவின் 15-ஆம் ஆண்டு என்கிறது. அவருக்கு முன் ஆண்ட அகஸ்துஸ் இறந்தது கி.பி. 14 ஆகஸ்ட் 19. 14-உடன் 15-ஐக் கூட்டி 29 என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

முதலில், எண்ணுவது நடப்பு ஆண்டா, முடிந்த ஆண்டா? ஒருவர் "முப்பது முடிந்து முப்பத்தொன்று நடக்கிறது" என்கிறார். அவர் வயது எத்தனை? கேட்டவரைப் பொறுத்தது. ஆட்சியாண்டு நடப்புக் கணக்கு. பதவியேற்ற அன்றே முதலாண்டு தொடங்கிவிடும். எனவே பதினான்கு ஆண்டுதான் கூட்ட வேண்டும்.

இரண்டாவது, ஆண்டு எந்த நாளில் புரள்கிறது? பதவியேற்ற நாளிலேயே புரண்டால் 15-ஆம் ஆண்டு என்பது கி.பி. 28-இன் ஆகஸ்ட் முதல் கி.பி. 29-இன் ஆகஸ்ட் வரை. சிரியா வழக்கப்படி இலையுதிர்காலப் புத்தாண்டில் புரண்டால், அகஸ்துஸ் இறந்ததிலிருந்து அந்தப் புத்தாண்டு வரையிலான சில வாரங்களே ஒரு முழு 'முதலாண்டு' ஆகிவிடும். 15-ஆம் ஆண்டு கி.பி. 27 இலையுதிர்காலத்துக்கே வந்துவிடும். ஜனவரி 1-இல் புரண்டால் அது கி.பி. 28 முழுவதும்.

மூன்றாவது, அந்தத் துண்டு ஆண்டை எண்ணினார்களா, விட்டார்களா? விட்டுவிட்டு அடுத்த ஜனவரியிலிருந்து எண்ணினால் 15-ஆம் ஆண்டு கி.பி. 29 முழுவதும்.

நான்காவது, எந்த நாளிலிருந்து? ஏரோதுவை எடுத்துக்கொள்ளுங்கள். யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் அவனுக்கு 37 ஆண்டு ஆட்சி என்றும் 34 ஆண்டு ஆட்சி என்றும் ஒரே மூச்சில் சொல்கிறார். இதில் முரண்பாடு இல்லை. 37 என்பது ரோமர் அவனை அரசன் என்று அறிவித்த கி.மு. 40-இலிருந்து. 34 என்பது அவனுடைய போட்டி அரசன் அந்திகோனு ஒழிந்த கி.மு. 37-இலிருந்து.

ஆக, திபேரியுவின் 15-ஆம் ஆண்டுக்கு அட்டவணையில் போகவேண்டியது: மிக முந்தியது கி.பி. 27 இலையுதிர்காலம், மிகப் பிந்தியது கி.பி. 29-இன் டிசம்பர். "இவ்வளவு அகலமா?" என்பார்கள். ஆமாம், லூக்கா எந்தக் கணக்கைப் பின்பற்றினார் என்று அவர் சொல்லவில்லை.

5. நாளை மாற்றும்போது மாதப் பெயரை உற்றுப் பாருங்கள்

ரோமர் நாளைப் பின்னோக்கி எண்ணினார்கள். காலண்ட்ஸ் என்பது மாதத்தின் முதல் நாள். "மார்ச் காலண்ட்ஸுக்கு 7-ஆம் நாள் முன்" என்றால் அது பிப்ரவரியில் இருக்கிறது. முந்தைய மாதத்தின் நாட்களோடு 2 கூட்டி, கொடுத்த எண்ணைக் கழியுங்கள்: 28 + 2 − 7 = 23. பிப்ரவரி 23. இரண்டு ஏன் என்றால் அவர்கள் இரு முனையையும் சேர்த்து எண்ணுவார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு இறந்த நாளையும் சேர்த்து எண்ணுகிற நமக்கு இது புதிதல்ல. வெள்ளியன்று இறந்தவர் ஞாயிறன்று 'மூன்றாம் நாள்' உயிர்த்தெழுவதும் இதே எண்ணிக்கைதான்.

இப்போது நிசேயாவுக்குத் திரும்புவோம். சாக்ரடீஸ் கொடுக்கும் நாள் மே 20. ஆனால் 451-இல் கல்கெதோன் சங்கத்தில் நிசேயா விசுவாச அறிக்கையை வாசித்தபோது அதன் தலைப்பில் இருந்தது ஜூன் 19. ஒரு மாத வித்தியாசம். ஒன்று சங்கம் தொடங்கிய நாள், மற்றது அறிக்கை ஏற்கப்பட்ட நாள் என்று பலர் சமாதானம் சொல்வார்கள்.

இரண்டையும் ரோம முறையில் திருப்பி எழுதிப் பாருங்கள். மே 20 என்பது ஜூன் காலண்ட்ஸுக்கு 13-ஆம் நாள் முன்: 31 + 2 − 13 = 20. ஜூன் 19 என்பது ஜூலை காலண்ட்ஸுக்கு 13-ஆம் நாள் முன்: 30 + 2 − 13 = 19. இரண்டிலும் அதே பதின்மூன்று. மாறுவது மாதப் பெயர் மட்டும். லத்தீனில் ஜூன், ஜூலை இரண்டுக்கும் இடையே ஓர் எழுத்துதான் வித்தியாசம், சுருக்கி எழுதினால் இன்னும் நெருக்கம். இரண்டு நாள்களும் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒரே நாள் பிரதியெடுப்பவர் கையில் இரண்டாகப் பிரிந்திருக்கவும் இடம் இருக்கிறது. நம் முறையில் மாற்றிய தேதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தச் சந்தேகமே வராது. இரண்டாவது படியில் மூலச்சொல்லை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

ஆண்டில் சிக்கல் இல்லை. கன்சல் பட்டியல் 325 என்கிறது. செலூக்கஸ் 636, மே அல்லது ஜூன் என்பதால் 311 கழித்தால் 325. இன்டிக்‌ஷன் கணக்கில் 328-ஐ 15-ஆல் வகுத்தால் மீதி 13, அந்த ஆண்டின் ஆவணம் எதிலாவது கோடை மாதத்தில் வேறு எண் வந்தால் உஷாராகிவிடலாம்.

6. இரண்டு சாட்சிகள் மோதினால் ஊரைக் கேளுங்கள்

டயோக்ளீஷியன் கிறிஸ்தவர்களுக்கு எதிராக முதல் ஆணையிட்டது எப்போது? லாக்டான்ஷியஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் சொல்வது: பிப்ரவரி 23-இல் அடக்குமுறை தொடங்கியது, மறுநாள் ஆணை ஒட்டப்பட்டது. யூசிபியஸ் என்ற திருச்சபை வரலாற்றாசிரியர் சொல்வது 19-ஆம் ஆண்டு தீஸ்ட்ரோஸ் மாதம், அதாவது மார்ச். அவரே பலஸ்தீன மறைசாட்சிகள் பற்றிய நூலில் அடுத்த மாதத்தைச் சொல்கிறார்.

உடனே யாரோ ஒருவர் தவறு என்று முடிவுகட்ட வேண்டாம். லாக்டான்ஷியஸ் அப்போது இருந்தது பேரரசர் இருந்த நிக்கோமேதியாவில். யூசிபியஸ் இருந்தது செசரியாவில். ஆணை தரைவழியும் கடல்வழியும் போய்ச்சேர வேண்டும். இருவரும் தங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறார்கள். ஆண்டு இரண்டுக்கும் பொருந்துகிறது: 19 + 284 = 303. அட்டவணையில் இதை இரண்டு வரிகளாகப் போடுங்கள், ஒன்றாக்காதீர்கள்.

7. கி.மு.-வைத் தாண்டும்போது பூஜ்யம் இல்லை

கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1. எனவே இடைவெளி காண இரண்டையும் கூட்டி ஒன்று கழிக்க வேண்டும். கி.மு. 4-இலிருந்து கி.பி. 30 வரை 33 ஆண்டு, 34 அல்ல. வானியல் அட்டவணைகளில் பூஜ்யம் உண்டு, அங்கே −3 என்றால் கி.மு. 4. கிரகண அட்டவணையைப் பார்த்து 'கி.மு. 3' என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

8. ஒரு நங்கூரம் தேடுங்கள், அதிலிருந்து வெளியே நகருங்கள்

பவுலின் வாழ்க்கைக்கு ஆண்டு போட உட்காருபவர்கள் பெரும்பாலும் தமஸ்கு வழியில் அவர் மனமாறியதிலிருந்து தொடங்குவார்கள். கதையின் தொடக்கம் அது, கணக்கின் தொடக்கம் அல்ல. கணக்கு கொரிந்துவில் தொடங்குகிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் 18-இல் கல்லியோன் அகாயா நாட்டு அதிபதியாக இருந்தபோது பவுலை நீதிமன்றத்துக்கு இழுத்துவருகிறார்கள். டெல்பியில் கிடைத்த ஒரு கல்வெட்டு, கிளவுதியு பேரரசரின் கடிதம், அதே கல்லியோனைக் குறிப்பிடுகிறது. அப்போது பேரரசர் 26-ஆம் முறை வெற்றி வாழ்த்துப் பெற்றிருந்தார். 27-ஆவது வாழ்த்து ரோமில் கிளவுதியு நீர்க்கால்வாய் வளைவுக் கல்வெட்டில் இருக்கிறது. அந்தக் கால்வாய் 52 ஆகஸ்ட் 1-இல் திறக்கப்பட்டது. எனவே டெல்பிக் கடிதம் அதற்கு முன், ஏறக்குறைய 52-இன் முதல் பாதி. மாகாண அதிபதிக்குப் பொதுவாக ஓராண்டுப் பதவி, கோடையை ஒட்டித் தொடக்கம். கல்லியோனுக்கு 51–52 பொருந்துகிறது.

பவுல் அங்கே ஒன்றரை ஆண்டு தங்கினார் என்கிறது 18:11. எனவே வந்தது 49 இறுதி அல்லது 50. இங்கிருந்து பின்னோக்கிப் போகலாம். மனமாற்றத்துக்குப் பின் எருசலேம் போனதைச் சொல்லும்போது கலாத்தியர் நிருபத்தில் 'மூன்று ஆண்டு', 'பதினான்கு ஆண்டு' வருகின்றன. இரண்டையும் கூட்டுவதா, பதினான்குக்குள் மூன்று அடக்கமா, துண்டு ஆண்டுகள் முழுதாக எண்ணப்பட்டனவா? ஒவ்வொரு கேள்வியும் வரம்பை அகலப்படுத்தும். எருசலேம் சந்திப்பு 48 அல்லது 49 என்று வைத்தால் மனமாற்றம் 31-க்கும் 36-க்கும் இடையே. நங்கூரத்திலிருந்து தள்ளிப்போகப் போக வரம்பு அகலும். குறுகிக்கொண்டே வந்தால் எங்கோ நீங்களாக ஓர் அனுமானத்தை நுழைத்திருக்கிறீர்கள்.

9. கிழமையும் கிரகணமும் கடைசியில்

இவை கவர்ச்சியானவை. அதனாலேயே கடைசியில் வைக்கச் சொல்கிறேன். ஏழில் ஒரு முறை எந்தக் கிழமையும் தற்செயலாகப் பொருந்தும்.

சிமிர்னா ஆயர் பொலிகார்ப்புவின் மரணத்துக்கு நாள் இருக்கிறது: மார்ச் காலண்ட்ஸுக்கு 7-ஆம் நாள் முன், பெரிய சபத்து (சபத்து என்றால் சனி). ஆண்டு இல்லை. நினைவுநாள் கொண்டாட நாள் வேண்டும், ஆண்டு எதற்கு? 155 பிப்ரவரி 23 சனிக்கிழமை, அழகாகப் பொருந்துகிறது. ஆனால் யூசிபியஸ் அதை மார்க்கஸ் அவுரேலியஸ் காலத்தில் வைக்கிறார், அதாவது 161-க்குப் பிறகு. 155-க்கு அந்தச் சனிக்கிழமை ஓர் ஆதரவு, முடிவான தீர்ப்பு அல்ல.

சிலுவை மரணமும் அப்படியே. பிலாத்து பதவியில் இருந்தது 26 முதல் 36 வரை. அந்த எல்லை முதலில். அதற்குள் பாஸ்காவை ஒட்டிய வெள்ளி என்று பார்த்தால் 30 ஏப்ரல் 7, 33 ஏப்ரல் 3 இரண்டும் நிற்கின்றன. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான்காம் படிக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

ஏரோது சாகும்முன் சந்திர கிரகணம் ஒன்று வந்ததாக ஜோசபஸ் சொல்கிறார். கி.மு. 4 மார்ச் 13 கிரகணத்தையே பெரும்பாலோர் ஏற்கிறார்கள். கி.மு. 1 ஜனவரிக் கிரகணத்துக்கு வாதாடுபவர்களும் உண்டு. கிரகணம் இரண்டு இருக்கிறது என்பதால், தீர்ப்பு ஆட்சியாண்டுக் கணக்கிலிருந்துதான் வரவேண்டும்.

10. வரியை முடிக்கும்போது

கடைசி இரண்டு கட்டங்களையும் நிரப்பிய பிறகுதான் கி.பி. எண்ணைக் கட்டுரைக்குள் கொண்டுபோங்கள். ஓராண்டுக்குள் அடங்கினால் ஒற்றை எண். ஆண்டு புரளும் சிக்கலால் இரண்டில் ஒன்று என்றால் சாய்கோடு: 411/412. அகலமான வரம்பு என்றால் 'முதல் – வரை'. 'சுமார்' என்று போட்டால் எத்தனை ஆண்டு முன்பின் என்று ஒரு முறையாவது சொல்லிவிடுங்கள்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று, வகுப்பில் தவறாமல் வருவது. தோமா 52-இல் கொடுங்கல்லூரில் இறங்கினார், 72-இல் மயிலாப்பூரில் இறந்தார் என்பார்கள். 'தோமாவின் பணிகள்' என்ற பழைய சிரியாக் நூலில் ஆண்டு எதுவும் கிடையாது. அதில் வரும் குந்தபோர் என்ற அரசனுக்கு மட்டும் சான்று இருக்கிறது. தக்த்-இ-பாஹி கல்வெட்டு அவனது 26-ஆம் ஆட்சியாண்டு, 103-ஆம் ஆண்டு என்கிறது. எந்த ஆண்டுமுறையின் 103 என்று கல்வெட்டு சொல்லவில்லை. விக்கிரம ஆண்டு என்று எடுத்தால் 57 கழித்து 46. ஆட்சித் தொடக்கம் ஏறக்குறைய 20 அல்லது 21. வேறு ஆண்டுமுறை என்றால் அரசனும் கூடவே நகர்வான்.

எனவே அட்டவணையில் இரண்டு தனி வரிகள். குந்தபோருக்கு எதிரே 46, 'விக்கிரம ஆண்டு எனக் கொண்டால்' என்ற குறிப்போடு. தோமாவுக்கு எதிரே முதல் கட்டத்தில் 'மரபு: 52, 72', மற்ற நான்கு கட்டங்களும் காலி.